திமிலன் பூசிய ஏழு பூச்சு

கொன்றைமடுக் காட்டில் திமிலன் என்றொரு காட்டெருமை இருந்தான். உடம்பு கன்னங்கரேல் என்றிருக்கும். முதுகுத் திமில் சின்னக் குன்று போல எழும்பி நிற்கும். நாலு காலிலும் முட்டிவரை வெள்ளை, கான்வென்ட் பிள்ளை காலுறை மாட்டியது போல. அவன் நடந்தால் மூங்கில் சருகுகூடச் சத்தம் போடாமல் நொறுங்கும் என்று காட்டில் பேசிக்கொள்வார்கள். சருகு எங்கேயாவது சத்தமில்லாமல் நொறுங்குமா? ஆனால் புகழ் வந்துவிட்டால் அப்படித்தான் பேசுவார்கள்.

நாலு வருஷமாகக் காட்டின் மல்லன் பட்டம் அவனிடம்தான் இருந்தது.

அந்தப் பட்டத்துக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வருஷமும் கொன்றை மரம் முதல் பூ விடும் நாளில் மடுக்கரையில் போட்டி. இரண்டு எருதுகள் பக்கத்தில் பக்கத்தில் மெதுவாக நடக்க வேண்டும். ஒருவன் விலாவை மற்றவனுக்குக் காட்ட வேண்டும். "பார், நான் எவ்வளவு பெரியவன்!" என்று அர்த்தம். பார்த்துப் பயந்தவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய்விடலாம். அதில் அவமானம் இல்லை. இருவரும் போகாவிட்டால்தான் நெற்றியோடு நெற்றி மோத வேண்டும். பின்வாங்கிப் பின்வாங்கி யார் மடுத் தண்ணீரில் கால் வைக்கிறானோ அவன் தோற்றவன்.

ஜெயித்தவனின் மந்தைக்குக் கோடை முழுவதும் மடுவில் முதல் தண்ணீர். மற்ற மந்தைகள் அதுவரை மேட்டில் காத்து நிற்கும். முதலில் குடிப்பவர்களுக்குத் தெளிந்த நீர். கடைசியில் குடிப்பவர்களுக்குச் சேறு.

இதெல்லாம் சரி. ஆனால் எதிராளி யார் என்று தீர்மானிக்கும் உரிமை பட்டம் வைத்திருப்பவனுக்கு! வில்லங்கம் அங்கேதான் இருந்தது.

திமிலனின் முதுகில் வெள்ளைச்சாமி என்ற உண்ணிக்கொக்கு குடியிருந்தது. திமிலன் மேல் இருந்த உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். மந்தை நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளையும் பிடித்துத் தின்னும். பட்டம் இருந்தால் மந்தை பெருகும். மந்தை பெருகினால் வெட்டுக்கிளி பெருகும். அப்படியானால் பட்டம் யாருக்கு அதிகம் வேண்டியிருந்தது? நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

எதிராளியைத் தேடிப் பிடிப்பது வெள்ளைச்சாமியின் வேலை. முதல் வருஷம் பட்டம் யாரிடமும் இல்லை; கொக்குதான் முந்திக்கொண்டு கண்ணில் பூ விழுந்த கிழ எருதைக் கூட்டிவந்தது. கிழவர் திமிலனின் விலாவைப் பாறை என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் வருஷம் ஒரு விடலை. "கும்பிடறேன் மாமா!" என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டம். மூன்றாம் வருஷம் வந்தவன் மூங்கில் குருத்தை அளவில்லாமல் தின்று வயிறு கலங்கியிருந்தான். பாதி நடையில் புதருக்குள் போனவன் திரும்பவே இல்லை. நாலாம் வருஷம் திமிலனின் சித்தப்பா மகன். விருந்துக்கு வந்தவனைப் பிடித்துக் கரையில் நிறுத்திவிட்டார்கள்!

நாலு தடவையும் வெள்ளைச்சாமி இறக்கையை விரித்துக் கத்தியது: "தலைவர் ஜெயித்தார்! மோதாமலே ஜெயித்தார்!"

மோதாமலே. அந்தச் சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை.

மேற்குச் சரிவில் ஒற்றையன் என்றொரு எருது இருந்தான். புலியோடு மல்லுக்கட்டியதில் அவனுடைய இடது கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது. புலிக்கு என்ன ஒடிந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் புலியை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. நாலு வருஷமும் ஒற்றையன் போட்டிக்கு ஆள் அனுப்பினான். நாலு வருஷமும் கொக்கு ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பியது. தலைவருக்குக் குளம்பு வீக்கம். தலைவருக்குச் சகுனம் சரியில்லை. தலைவர் விரதம். எருமைக்கு என்ன விரதம்?

ஐந்தாம் வருஷம், கொன்றை பூ விடுவதற்குப் பத்து நாள் முன்னால், ஒற்றையன் தானே நேரில் வந்தான். திமிலனின் மந்தை மேய்ந்துகொண்டிருந்த புல்வெளிக்கு நடுவே வந்து நின்றான். மரங்களில் இருந்த கருமந்திகள் மெல்லுவதை நிறுத்தின.

"திமிலா! பட்டம் எனக்கு வேண்டாம். அதை வச்சு நான் என்ன செய்ய? போன கோடையில என் மந்தைதான் கடைசி. சேத்தைக் குடிச்சு ரெண்டு கன்னு படுத்துச்சு. எழுந்திருக்கவே இல்லை. இந்தக் கோடையில அது நடக்கக் கூடாது. எனக்கு முதல் தண்ணி வேணும். வா, மோதிப் பார்ப்போம்!"

திமிலன் வாயைத் திறப்பதற்குள் கொக்கு திறந்துவிட்டது.

"அவசரப்பட்டா எப்படி? முதல்ல கிழக்குச் சரிவுக் குட்டையனை ஜெயிச்சுட்டு வா!"

"ஜெயிச்சாச்சு."

"வடக்குச் சரிவு மொட்டையனை?"

"அவனையும் ஜெயிச்சாச்சு."

"ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல?"

கருமந்திகள் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. வெள்ளைச்சாமி கழுத்தை நீட்டியது. "உனக்கு ஒரு கொம்பு. தலைவருக்கு ரெண்டு கொம்பு. இது நியாயமான சண்டையா? உன்மேல இரக்கப்பட்டுத்தான் அவர் ஒத்துக்கலை!"

"இரக்கத்தை நீங்களே வச்சுக்குங்க. தண்ணியைக் கொடுங்க" என்றான் ஒற்றையன். திமிலனை ஒருமுறை பார்த்தான். திரும்பி நடந்தான்.

திமிலன் புல்லைக் கடித்தான். ஆனால் மெல்லவில்லை.

அவனுடைய தங்கை செவந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். மந்தையை நடத்துபவள் அவள். மேய்ச்சலுக்கு எங்கே போவது, எங்கே படுப்பது எல்லாம் அவள் சொல்வதுதான். அவள் அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, குனி."

"எதுக்கு?"

"குனின்னா குனியேன்!"

திமிலன் குனிந்தான். செவந்தி அவன் நெற்றியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"நாலு வருஷம் பட்டம். நெத்தியில ஒரு கீறல்கூட இல்லை. நேத்துப் பிறந்த கன்னுக்குட்டிகூட எங்கேயாவது முட்டி ஒரு சிராய்ப்பு வச்சிருக்கு!"

"நான் ஜெயிச்சேன், செவந்தி."

"யாரை? கண்ணு தெரியாத கிழவரையா? வயித்துப்போக்கையா? நீ பலசாலிதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா உனக்கு அது தெரியுமா? நிச்சயமாத் தெரியுமா?"

திமிலன் மடுக்கரைக்குப் போனான். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தான். வழவழவென்று, கழுவி வைத்தது போல ஒரு நெற்றி. பார்க்கப் பார்க்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"வெள்ளைச்சாமி, நான் ஒற்றையனோடு மோதறேன். போய்ச் சொல்லிடு" என்றான்.

கொக்கு முதுகிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது. "தலைவரே, உடம்புக்கு ஏதாவது...?"

"போய்ச் சொல்லு!"

கொக்கு போய்ச் சொல்லியது. திரும்பி வரும் வழியிலேயே அதற்கு ஒரு யோசனையும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆட்களுக்கு யோசனைக்கா பஞ்சம்?

"தலைவரே, மோதறதுக்கு முன்னால விலா காட்டணும் இல்லையா? அப்பவே அவன் பயந்து போயிட்டா? சேத்துல படுங்க. வெயில்ல காயுங்க. மறுபடியும் படுங்க. ஒரு நாளைக்கு ஒரு பூச்சு. ஏழு பூச்சு ஏறட்டும். நீங்க ரெண்டு ஆள் பருமன் ஆயிடுவீங்க. அவன் பார்த்த உடனே ஓடிடுவான்!"

திமிலன் தயங்கினான். மோதுகிறேன் என்று சொன்னபோது இருந்த தைரியம், சொல்லி முடித்ததும் பாதியாகியிருந்தது. சேற்றில் போய்ப் படுத்தான்.

முதல் பூச்சு. இரண்டாம் பூச்சு. செவந்தி பார்த்தாள், மூக்கால் ஊதிவிட்டுப் போனாள். ஐந்தாம் பூச்சில் கன்றுகள் அவனை அடையாளம் தெரியாமல் ஓடின. ஏழாம் பூச்சு காய்ந்தபோது மலை அணில் ஒன்று மரத்திலிருந்து கூப்பிட்டது.

"கொக்கண்ணே! எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டு மரத்துல ஏறுது. மழை வரும்போல இருக்கு!"

"இந்த வெயில்லயா? எறும்புக்குப் பைத்தியம். உனக்கும் பைத்தியம். போய்க் கொட்டையைக் கடி!"

மறுநாள் காலை கொன்றையில் முதல் பூ விட்டது.

மடுக்கரையில் அப்படி ஒரு கூட்டத்தை அந்தக் காடு பார்த்ததில்லை. மான்கள் முதல் வரிசையில் உட்கார்ந்தன. மரமெல்லாம் கருமந்தி. காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்திருந்தன. மேட்டில் யானைகள்கூட வந்து நின்றன. யானை இன்னொருவர் பலத்தைப் பார்க்க வந்து நிற்பது லேசில் நடக்கிற காரியமா?

ஒற்றையன் மேற்கிலிருந்து வந்தான். அவனுக்குப் பின்னால் மேட்டில் அவன் மந்தையும், விலா எலும்பு தெரியும் கன்றுகளும் நின்றன.

திமிலன் கிழக்கிலிருந்து வந்தான்.

"அம்மாடி!" என்றது ஒரு மான்.

அது நடந்து வரும் எருதாகவே இல்லை. ஒரு மலை எழுந்து கால் முளைத்து வந்தது போல இருந்தது. காய்ந்த சேறு சாம்பல் நிறத்தில் பாறை பாறையாக வெடித்திருந்தது. நிழல் மடுவின் அக்கரை வரை விழுந்தது. ஒற்றையன் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டான். அவன் காது ஆடியதைச் செவந்தி பார்த்தாள்.

"பார்! பார்! ஓடப் போறான்!" என்று கத்தியது வெள்ளைச்சாமி.

ஒற்றையன் திரும்பித் தன் கன்றுகளைப் பார்த்தான். பிறகு அந்த மலையின் பக்கத்தில் வந்து நடக்க ஆரம்பித்தான். தலையைத் தாழ்த்தவில்லை. ஒரு சுற்று. இரண்டு சுற்று. தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரியவனாகத் தெரிகிற ஒருவனின் பக்கத்தில், பின்வாங்காமல் இப்படி நடக்க என்ன நெஞ்சு வேண்டும்! திமிலனும் ஓரக்கண்ணால் அதைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தான்.

மூன்றாம் சுற்றில் வானம் இடித்தது.

கொக்கு மேலே பார்த்தது. அதன் அலகிலேயே முதல் துளி விழுந்தது.

கோடை மழை தூறிப் பழகி வராது. ஒரேயடியாகக் கொட்டும். கொட்டியது. ஏழாம் பூச்சு கரைந்து ஓடியது. ஆறாம் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஐந்து, நாலு, மூன்று... மலை குன்றாகி, குன்று மேடாகி, கடைசியில் நனைந்துபோன ஒரு கறுப்பு எருது நின்றது. ஒற்றையனைவிட ஒரு கைப்பிடி உயரம் குறைவு.

கருமந்திகள் மரத்திலிருந்து விழுந்து விழுந்து சிரித்தன. "அடேய், உள்ளே இவ்வளவுதான் ஆள்!"

"தலைவரே!" கொக்கு அவன் காதில் குசுகுசுத்தது. "தலையைத் தாழ்த்திட்டுப் போயிடுவோம். முறைதானே! அவமானமே இல்லை. அடுத்த வருஷம் நல்ல கிழவனாப் பார்த்து..."

ஒற்றையனும் நின்றான். அவன் சிரிக்கவில்லை. "போறதுன்னா போ, திமிலா. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லாம நான் பார்த்துக்கறேன்."

திமிலன் நனைந்த தலையை ஒருமுறை உதறினான். கொக்கு தூரப் போய் விழுந்தது.

"ஒற்றையா, நான் எவ்வளவு பெரியவன்னு இந்தக் காட்டுக்கே தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்குத்தான் தெரியாது. நாலு வருஷமாத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுக்காமப் போக மாட்டேன். வா!"

சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

இரண்டு நெற்றிகள் மோதின. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இடி என்றே நினைத்தார்கள். இடி அப்போது நின்றுபோயிருந்தது. கொன்றையில் இருந்த அந்த ஒரு பூவும் உதிர்ந்து விழுந்தது.

முதல் மோதலில் திமிலன் பத்தடி பின்னால் போனான். அவனுக்கு மோதத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கொம்பை எங்கே கொடுக்க வேண்டும், காலை எங்கே ஊன்ற வேண்டும், ஒன்றும் தெரியாது. ஒற்றையனின் ஒடிந்த கொம்பு அவன் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் மழையோடு சேர்ந்து கண்ணில் இறங்கியது.

"விட்டுடு அண்ணே!" என்று செவந்தி சொல்லுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளோ, "பின்னங்காலை ஊன்று!" என்று கத்தினாள்.

திமிலன் ஊன்றினான். குளம்பு சேற்றுக்குள் இறங்கி, சேற்றுக்கு அடியில் இருந்த பாறையில் போய் நின்றது. அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்த உடம்புக்குள் ஒரு பலம் வேலையில்லாமல் படுத்திருந்தது. அது இப்போது எழுந்துகொண்டது. காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து திமிலுக்கு, திமிலிலிருந்து நெற்றிக்கு. அவன் தள்ளினான். ஒற்றையன் ஓரடி நகர்ந்தான். புலியே நகர்த்த முடியாத ஒற்றையன்! ஓரடி, ஈரடி, ஐந்தடி, ஒன்பதடி.

ஒற்றையனின் கண் விரிந்தது. "அடப்பாவி! இவ்வளவையும் எங்கேடா வச்சிருந்தே?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்!"

மழை நின்றது. அவர்கள் நிறுத்தவில்லை. மழை மறுபடியும் வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. இரண்டு உடம்பிலிருந்தும் ஆவி எழும்பியது. கரை முழுவதும் உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது. மான்களுக்கு வாய் மூடவே இல்லை. கருமந்திகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டன. எப்போதும் எதையாவது பிடுங்கித் தின்றுகொண்டே இருக்கும் யானைகள், தும்பிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. யார் பக்கம் இருக்கிறோம் என்பதே எல்லாருக்கும் மறந்துபோனது. இந்த இரண்டு பேரும் நம் காட்டில் பிறந்தவர்களா என்று மட்டும்தான் எல்லாருக்கும் மலைப்பாக இருந்தது.

பொழுது உச்சியைத் தாண்டியது. ஒற்றையன் நாலு வருஷமாக மோதிப் பழகியவன். திமிலனுக்கு இதுதான் முதல் நாள். அந்த வித்தியாசம் கடைசியில் தெரிந்தது. ஒற்றையன் தலையை ஒரு கோணம் சாய்த்துத் தள்ளினான். திமிலனின் கால் வழுக்கியது. பின்னங்குளம்பு இரண்டும் தண்ணீருக்குள் போயின. முன்னங்கால் மண்டியிட்டது.

பட்டம் போயிற்று.

திமிலன் மெல்ல எழுந்தான். கரையேறி வந்தான். செவந்தி அவன் நெற்றியை நக்கித் துடைத்தாள்.

"அண்ணே, கீறல் விழுந்திருக்கு."

"பெருசா?"

"நல்ல பெருசு."

திமிலன் சிரித்தான். நாலு பட்டத்துக்கும் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு அவன் மேட்டைப் பார்த்து நடந்தான். ஜெயித்தவனுக்குத்தான் வழிவிடுவது அந்தக் காட்டில் பழக்கம். தோற்றவன் ஓரமாகப் போக வேண்டும். அன்றைக்கு யானைகள் இரண்டு பக்கமும் விலகி நின்று தோற்றவனுக்கு வழிவிட்டன.

இதற்குள் வெள்ளைச்சாமி என்ன செய்தது தெரியுமா? இறக்கையைக் கோதிச் சரி செய்துகொண்டு, ஒற்றையனின் முதுகில் போய் உட்கார்ந்தது.

"தலைவரே! அடுத்த வருஷத்துக்கு நல்ல எதிராளியா நான் பார்த்துத் தரேன். தெற்குச் சரிவில நொண்டி ஒருத்தன்..."

"இறங்கு" என்றான் ஒற்றையன்.

கொக்கு இறங்கியது.

ஒற்றையன் மடுவைப் பார்த்தான். ஒரு நாள் மழை ஒரு கோடைக்குக் காணாது என்று அவனுக்குத் தெரியும். "இந்த வருஷத்திலிருந்து முதல் தண்ணி கன்னுகளுக்கு. எந்த மந்தைக் கன்னா இருந்தாலும் சரி. பெரியவங்க எல்லாம் அப்புறம்" என்றான். அவன் கன்றுகளும் திமிலன் மந்தைக் கன்றுகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கின. அந்தக் கோடையில் எந்தக் கன்றும் படுக்கவில்லை.

மறு வருஷம் கொன்றை மொட்டு விட்டது. ஒற்றையனிடம் எல்லாரும் கேட்டார்கள், "எதிராளி யாரு?"

"திமிலனைக் கூப்பிடுங்க."

"அவனையா? போன தடவையே உங்களை ஒன்பதடி தள்ளினவன் ஆச்சே! வருஷம் முழுக்கப் பாறையை முட்டிப் பழகறானாம்!"

"அதனாலதான் அவனைக் கூப்பிடச் சொல்றேன்."

திமிலன் வந்தான். உடம்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மடுவில் குளித்து, கழுவி, உள்ள உயரத்தோடு வந்தான். நெற்றியில் அந்தத் தழும்பு வெயிலில் மின்னியது. இரண்டு பேரும் மோதத் தொடங்குவதற்கு முன்னாலேயே காடு முழுவதும் எழுந்து நின்றது. திமிலனுடைய அந்த நாலு வெற்றிகளை இன்றைக்கு எந்தக் கருமந்தியும் பேசுவதில்லை. அவன் தோற்ற அந்த ஒரு நாளைத்தான் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்கின்றன.

இளைத்தவர்களாகத் தேடிப் பிடித்து ஜெயிப்பவனிடம் பட்டம் மட்டுமே இருக்கும். தன்னைவிட வலியவன் எதிரே போய் நிற்பவன்தான், தோற்றாலும் வீரன்.